சந்திரகிரி அரசி பாயம்மா

திருப்பதிக்கு யாத்திரை செல்லும் நம்மவருள் பெரும்பாலோர் மலையேறி வேங்கடவனை வழிபடுவர். கீழிறங்கித் திருச்சானூரில் தாயாரைச் சேவிப்பர். பிறகு வந்த வழியே திரும்பிவிடுவர். அங்கிருந்து தென்மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாக வரும் இருப்புப்பாதையின் ஓரத்தில், சந்திரகிரி என்றொரு நிலையம் உண்டு. வண்டி சிறிது நேரமே நிற்கும். இறங்கிச் சென்று கோட்டையைக் காண்போர் சிலரே.

சந்திரகிரியின் பெயரை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பார்கள். 1639ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குச் சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்டிக்கொள்ள இடம் கிடைத்ததே, அந்தச் செய்தியோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர் இது. இதற்குமேல் இவ்வூரைப் பற்றி அறிந்தவர் நம்மிடையே குறைவு. மலையடிவாரத்தில் மூன்று அடுக்குகளோடு நிற்கும் ராஜமகாலும், அதன் அருகே இரண்டு அடுக்குகளோடு நிற்கும் ராணிமகாலும் மரம் சேராமல் கல்லாலும் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுப்பப்பட்டவை. ராஜமகாலில் இன்று தொல்லியல் துறையின் காட்சிசாலை அமைந்துள்ளது. அங்குள்ள சிலைகளையும் வாள்களையும் பார்த்துவிட்டு வெளியே வருவோர், இந்த ஊரின் அரண்மனையோடு தொடர்புடைய ஓர் அரசியின் துயரத்தை அறியாமலே திரும்புகின்றனர். அவள் பெயர் பாயம்மா. செல்வத்தின் உச்சியில் இருந்தவள். கணவனின் அன்பைப் பெற்றவள். ஆயினும் இழிவுக்கு ஆளாகி வரலாற்றில் ஒரு பழிச்சொல்லாக நின்றுவிட்டவள். அவள் கதையை இவ்வாண்டு மலரில் எடுத்துரைக்க விரும்புகிறோம். நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கதையாயினும், நம் வீட்டுக் கூடத்தில் நடக்கும் பேச்சுக்கும் அதற்கும் உறவு உண்டு என்பது நம் எண்ணம்.

மன்னனும் அவன் அரண்மனையும்

1565ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தபின், அப்பேரரசின் எஞ்சிய பகுதியை ஆரவீட்டு மரபினர் ஆண்டனர். அம்மரபில் தலைசிறந்தவன் இரண்டாம் வேங்கடபதி ராயன். இவன் 1586 முதல் 1614 வரை அரசு செலுத்தினான். பெனுகொண்டாவில் தொடங்கிய இவனது ஆட்சி, பின்னர்ச் சந்திரகிரிக்கும், இறுதியில் வேலூருக்கும் இருக்கை மாற்றிக்கொண்டது. திருவேங்கடமுடையானிடத்தில் இவன் கொண்ட பக்தி பெரிது. தான் வெளியிட்ட பொற்காசிலேயே வேங்கடேசுவரனுக்கு வணக்கம் என்னும் பொருள்படும் தொடரைப் பொறித்தான். 1598இல் ஏசு சபைப் பாதிரிமார் சந்திரகிரி அரண்மனைக்கு வந்தபோது அவர்களையும் மதித்து வரவேற்றான்.

இத்தகைய மன்னனுக்கு மனைவியர் பலர். மகன் ஒருவனும் இல்லை.

மனைவியருள் ஒருத்தி பாயம்மா. ஜக்கராயன் என்னும் பெருஞ்செல்வர் வீட்டுப் பெண் அவள். ஜக்கராயனின் செல்வநிலை எத்தகையது என்பதை அக்காலத்துப் போர்ச்சுகீசியப் பாதிரியார் மனுவேல் பர்ராதாஸ் குறித்து வைத்திருக்கிறார். ஆண்டுக்கு ஆறு லட்சம் குருசாடோ வருமானமும், போர்க்களத்தில் நிறுத்த இருபதாயிரம் வீரரும் அவனுக்கு இருந்தனராம். குருசாடோ என்பது அந்நாளில் போர்ச்சுகீசியர் வழங்கிய நாணயம். அரசனுக்கே அச்சம் தரத்தக்க வீட்டிலிருந்து வந்த மருமகள் அவள் என்பதை இதனால் உணரலாம்.

பர்ராதாஸ் 1616 டிசம்பரில் எழுதிய கடிதமே இக்கதைக்கு முதன்மையான சான்று. ஆங்கில அதிகாரியும் வரலாற்றறிஞருமான ராபர்ட் சிவெல் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட விசயநகர வரலாற்று நூலில் அதன் மொழிபெயர்ப்பைச் சேர்த்தார். இனி வருவது அக்கடிதம் கூறும் செய்தியாகும்.

ஒரு பொய்யின் பிறப்பு

பாயம்மாவின்மீது மன்னன் மிகுந்த அன்பு வைத்திருந்தான். அவளுக்கோ மகப்பேறு வாய்க்கவில்லை. அரசியின் ஏக்கத்தை அறிந்த ஒரு பிராமணப் பெண், அவளது பிறந்த வீட்டோடு பழகியவள், ஒருநாள் ஒரு யோசனை கூறினாள். தான் ஒரு மாதக் கருவுற்றிருப்பதாகவும், அரசியும் அவ்வாறே கருவுற்றிருப்பதாக மன்னனிடம் சொல்லி, ஊரறியச் செய்துகொண்டு, அதற்கேற்ப நடந்து வரவேண்டும் என்றும், தனக்குக் குழந்தை பிறந்தவுடன் நம்பிக்கைக்குரியவர் வாயிலாக இரகசியமாக அரண்மனைக்கு அனுப்பிவிடுவதாகவும் சொன்னாள். அரசி இசைந்தாள். உரிய காலத்தில் அப்பெண்ணுக்கு ஆண்குழந்தை பிறந்தது, அரண்மனைக்கு வந்தது, அரசி பாயம்மா இளவரசனை ஈன்றாள் என்னும் செய்தி நாடெங்கும் பரவியது.

மன்னனுக்கு உண்மை தெரியாதா எனில், தெரியும். தெரிந்தும் அரசியின்மீது கொண்ட அன்பினால் அதனை மறைத்து, விழா எடுத்தான். பட்டத்துக்கு உரியவனுக்கு வழங்கும் சிக்கராயன் என்னும் பெயரையும் குழந்தைக்கு இட்டான். ஆனால் ஒருநாளும் அவனை மகனாக நடத்தவில்லை. சந்திரகிரி அரண்மனைக்குள்ளேயே அவனை அடைத்து வைத்தான். மன்னனின் தனி அனுமதியின்றிப் பையன் வெளியே செல்லலாகாது. அந்த அனுமதியும் அரசி உடன் வரும்போதன்றிக் கிடைத்ததில்லை. பதினான்கு வயதானதும் தன் உறவுப்பெண் ஒருத்தியை அவனுக்கு மணம் முடித்து வைத்தான். ஏன்? அரசியின் பிறந்த வீட்டாரை மனநிறைவு கொள்ளச் செய்வதற்காக என்கிறார் பர்ராதாஸ்.

இவ்விடத்தில் வாசகர்கள் சற்றே நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். ஒரு பொய் பதினான்கு ஆண்டுகள் ஓர் அரண்மனையில் வாழ்ந்தது. அதனை மன்னன் அறிவான். அமைச்சரும் ஏவலரும் அறிந்திருக்கக்கூடும். யாரும் வாய் திறக்கவில்லை. தாய் என்னும் பெயரைப் பெற்ற அரசி, ஒவ்வொரு நாளும் அஞ்சி அஞ்சியே வாழ்ந்திருப்பாள். தான் யார் என்று அறியாத ஒரு சிறுவன் மதில்களுக்குள்ளேயே வளர்ந்தான். பெற்றவளோ தன் பிள்ளையை மகன் என்று அழைக்க முடியாதவள் ஆனாள். இவை போதாவென்று, இன்னாருக்கு வாழ்க்கைப்படுகிறோம் என்பதைக் கேட்கவும் உரிமையற்ற ஒரு சிறுமி, அப்பொய்க்கு முத்திரையிடுவதற்காக மணவறையில் அமர்த்தப்பட்டாள்.

ஏன் பொய் சொன்னாள்?

பாயம்மா செய்தது தவறன்று என்று வாதிப்பது நம் நோக்கமன்று. பிறர் குழந்தையைத் தன் குழந்தை என்று உலகை நம்பவைத்தது தவறே. அத்தவற்றின் விலையைப் பின்னர் ஒரு நாடே கொடுத்தது. ஆயினும், பட்டும் பொன்னும் பணிப்பெண்களும் கணவனின் அன்பும் உடைய ஒருத்தி எதற்காக இவ்வளவு பெரிய ஆபத்தை விலைக்கு வாங்கினாள் என்று கேளாமல் தீர்ப்புக் கூறுவது நேர்மையாகாது.

அக்காலத்து முறையை நோக்குவோம். மகப்பேறில்லாத மனைவி இருக்கும்போதே எட்டாவது ஆண்டில் வேறொருத்தியை மணக்கலாம் என்று மனுநூல் இடங்கொடுத்திருந்தது. அரண்மனையிலோ எட்டாண்டு காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மனைவியர் பலர் ஏற்கெனவே இருந்தனர். அவர்களுள் யார் மகனைப் பெறுகிறாளோ அவளே நாளை அரசமாதா; மற்றையோர் அவள் தயவில் வாழ வேண்டியவர். கணவன் இறந்தபின் மகனற்ற அரசியின் நிலை யாது? அவள் பூண்டிருக்கும் நகையும் அவளுடைய மாளிகையும் அவளுடையவையாக நிலைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

பிள்ளையைச் சுவீகாரம் செய்துகொள்ளும் வழக்கம் அன்றும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆயின் அது கணவனின் குலம் தழைக்கவும், அவனுக்கு நீர்க்கடன் ஆற்றவும் ஏற்பட்ட முறை. மனைவி தன் விருப்பப்படி தனக்கென ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ள அதில் வழியில்லை. மன்னனுக்கோ தமையன் மக்கள் இருந்தனர். ஆதலால் அவனுக்குச் சுவீகாரம் தேவைப்படவில்லை. தேவை அவளுக்கே இருந்தது. அவளுடைய தேவைக்குச் சாத்திரத்தில் இடமில்லை.

இன்னொன்றும் உண்டு. அவளுடைய பிறந்த வீட்டார் அவளைக் கொடுத்தது எதற்காக? தங்கள் குருதி கலந்த ஒருவன் அரியணையில் அமர்வான் என்னும் நம்பிக்கையே இத்தகைய அரசகுல மணங்களின் அடிப்படை. மணம் முடிந்த நாளிலிருந்து அவ்வரசி இரு வீட்டாருக்கும் கடன்பட்டவள் ஆகிவிடுகிறாள். புகுந்த வீட்டுக்கு வாரிசு தரவேண்டும்; பிறந்த வீட்டுக்கு அதிகாரம் தேடித் தரவேண்டும். ஓலையில் எழுதப்படாத கடன் இது. ஆயினும் நாள்தோறும் வட்டி ஏறிக்கொண்டே போகும் கடன். தன் உடல் ஒத்துழையாதபோது பிறரிடம் வாங்கியாவது அதனைத் தீர்த்துவிடலாம் என்று பாயம்மா எண்ணினாள். கடனைத் தீர்க்கக் கடன் வாங்குவோரின் முடிவு யாது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே.

மோதிரமும் சிதையும்

1614ஆம் ஆண்டு. மன்னனுக்கு வயது அறுபத்தேழு. இறுதி நெருங்குவதை உணர்ந்த அவன், இறப்பதற்கு மூன்று நாள் முன்னர்ப் பெருமக்கள் சூழ்ந்திருக்க, தன் தமையன் மகன் ஸ்ரீரங்கனை அழைத்து, அரசுரிமை மோதிரத்தை நீட்டினான். அவன் அழுதான், தனக்கு அரசாட்சி வேண்டாம் என்றான். மீண்டும் நீட்டினான் மன்னன். அருகிருந்தோர் வற்புறுத்தவே, கண்ணீரோடு அதனைத் தலைமீது வைத்துப் பின் விரலில் அணிந்துகொண்டான். இரண்டு லட்சம் குருசாடோ மதிப்புள்ள அரச உடையும், விலைமதிக்க அரிய வைரமும் முத்துக்களும் அவனிடம் ஒப்படைக்கப்பட்டன.

பதினான்கு ஆண்டு காத்த மௌனத்தை மன்னன் இவ்வாறு கலைத்தான். சந்திரகிரியில் வளர்ந்த பையனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமலே, அவன் தன் மகனல்லன் என்பதை நாடறியச் செய்துவிட்டான். அரசியின் மானத்தைத் தன் உயிருள்ளவரை மறைத்துக் காத்த அன்பு, உயிர் போகும் நேரத்தில் அவளைச் சபை நடுவே கைவிட்டது. உண்மையைத் தொடக்கத்திலேயே அவளிடம் தனியே பேசி, அச்சம் வேண்டாம், மகனில்லாவிடினும் நீ அரசியே என்று அவன் உறுதி கூறியிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது. தவற்றைக் கண்டும் காணாதிருப்பது அன்புபோலத் தோன்றும். ஆனால் அதன் பாரம் பின்னொருநாள் எளியவர் தலையிலேயே விழும்.

மூன்றாம் நாள் மன்னன் மறைந்தான். அவனுடைய தோட்டத்தில் நறுமண மரங்களை அடுக்கி உடலுக்குத் தீ மூட்டினர். அரசியர் மூவர் உடன்கட்டை ஏறினர். ஒருத்தி மன்னனின் வயதினள். மற்ற இருவரும் முப்பத்தைந்து வயதினர். பூண்டிருந்த நகைகளைக் கழற்றிச் சிலவற்றைச் சுற்றத்தாருக்கும், சிலவற்றை வேதியருக்கும் கொடுத்தனர். எஞ்சியவற்றைக் கூடியிருந்த மக்களிடையே வீசினர் என்று கடிதம் கூறுகிறது. அம்மூவரின் பெயர்களை அது கூறவில்லை. கழற்றி எறிந்த நகையின் செய்தி நிற்கிறது, பெயர் நிற்கவில்லை. அரசியர்க்கே இதுதான் கதியெனில், அக்காலத்தில் பெண் அணிந்த பொன் யாருடையது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அவள் பெயரால் நடந்த போர்

ஜக்கராயன் பொறுக்கவில்லை. திம்ம நாயக்கன், மாகராயன் என்னும் இருவரையும் துணைக்கொண்டு, புதிய மன்னனுக்கு வணங்கமாட்டோம் என்று சூளுரைத்தான். ஸ்ரீரங்கனையும் அவன் குடும்பத்தையும் சிறைப்படுத்தினான். சந்திரகிரிச் சிறுவனை அரியணையில் ஏற்றினான். பழைய மன்னனிடம் விசுவாசம் கொண்டிருந்த வெலுகோட்டி யாசம நாயக்கன் ஒருவனே எதிர்த்து நின்றான். அரண்மனைத் துணிகளை வெளுக்கும் ஒரு வண்ணாரின் உதவியால், துணிகளோடு துணியாகச் சிறைப்பட்ட இளவரசருள் ஒருவனைச் சுற்றி வெளியே கொணர்ந்து காப்பாற்றினான். அவனே பின்னாளில் ராமதேவராயன் ஆனவன். எஞ்சியோர் தப்பவில்லை. ஸ்ரீரங்க மன்னனும் அரசியும் மக்களும் சிறையிலேயே மாண்டனர். தன் குடும்பத்தாரைத் தன் கையாலேயே மாய்த்துத் தானும் மாய்ந்துபோகும் நிலைக்கு மன்னன் தள்ளப்பட்டான்.

நாடு இரண்டாகப் பிளந்தது. மதுரை நாயக்கரும் செஞ்சி நாயக்கரும் ஜக்கராயன் பக்கம். தஞ்சை ரகுநாத நாயக்கர் யாசமன் பக்கம். திருச்சிராப்பள்ளிச் சமவெளியில் பத்து லட்சம் வீரர் திரண்டதாகப் பர்ராதாஸ் எழுதுகிறார். எண்ணிக்கை மிகையாகவே தோன்றினும் போர் பெரிது என்பதில் ஐயமில்லை. கல்லணைக்கு அருகே தோப்பூரில் நடந்த அப்போரில் ஜக்கராயன் கொல்லப்பட்டான். அவன் அரியணை ஏற்றிய பையன் சிறைப்பட்டான். சந்திரகிரி அரண்மனையின் உள்ளறையில் தொடங்கிய ஒரு பொய், காவிரிக்கரையில் நம் தமிழ் உழவரின் வயல்களின்மீது வந்து முடிந்தது.

இப்போரைப் பாடிய நூல்களுள் ஒன்று ரகுநாதாப்யுதயம் என்னும் வடமொழிக் காவியம். அதனை இயற்றியவர் தஞ்சை அரசவையில் இருந்த ராமபத்ராம்பா என்னும் பெண்பாற் புலவர். அதே தலைமுறையில் ஒரு பெண் தன் கல்வியால் சபையில் பெருமையோடு அமர்ந்தாள். மற்றொரு பெண் மகனில்லாமையால் மானம் இழந்தாள். இருவரும் அரசவையைச் சார்ந்து வாழ்ந்தவரே. ஆயினும் ஒருத்திக்கு நிலைத்தது அவள் கற்ற கல்வி. மற்றொருத்திக்குச் சூட்டிய செல்வம் நிலைக்கவில்லை.

தோப்பூருக்குப் பின்னும் பூசல் ஓயவில்லை. ஜக்கராயனின் உடன்பிறந்தான் எதிராசன் தொடர்ந்து போரிட்டான். முடிவில் எதிராசனின் மகளை ராமதேவராயனுக்கு மணம் முடித்தே பகை தீர்க்கப்பட்டது. தன் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் அழித்த குடும்பத்துப் பெண்ணை அவன் மணந்தான். அப்பெண்ணும் அத்தகைய வீட்டுக்குள் வாழப் புகுந்தாள். ஒரு மணத்தால் வந்த பகையை இன்னொரு மணத்தால் தீர்த்தனர். இம்முறையும் கடனை அடைக்கப் பெண்ணே கொடுக்கப்பட்டாள்.

போருக்குப் பிந்திய கதையில் பாயம்மாவின் பெயர் வருவதில்லை. அவளுக்காக என்று சொல்லித் தொடங்கியவர்கள் அவளை எங்கும் குறிப்பிடவில்லை. வஞ்சகி என்னும் பட்டம் மட்டும் அவளுக்கு எஞ்சியது. உண்மை அறிந்து விழா எடுத்த மன்னன் உத்தமன் என்றும், ஒரு குடும்பத்தையே மாய்த்த ஜக்கராயன் வீரன் என்றும் சொல்வோர் உண்டு. பழி முழுவதும் ஒரு பெண்ணின் முந்தானையில் முடியப்பட்டது.

இன்றைய நம் நிலை

நிற்க. இது அரசர் கதை; ஏழை எளிய நமக்கு இதனால் ஆவதென்ன என்று வினவலாம்.

சந்திரகிரிக்கு அருகில் சீனிவாச மங்காபுரம் என்னும் தலம் இருக்கிறது. பத்மாவதித் தாயாரை மணந்த சீனிவாசன் மலையேறுமுன் ஆறு திங்கள் அங்கே தங்கியதாகத் தலபுராணம் கூறும். அத்திருமணச் செலவுக்காகப் பெருமாள் குபேரனிடம் கடன்பட்டார் என்றும், உண்டியலில் விழும் காணிக்கை அக்கடனின் வட்டிக்கே போகிறது என்றும் நாம் பக்தியோடு சொல்லிக்கொள்கிறோம். கடவுளே கல்யாணக் கடன்பட்டார் என்னும் ஆறுதலோடு நாமும் கடன்படுகிறோம். அவருக்கு உண்டியல் உண்டு. நமக்கு மாதச் சம்பளமே உண்டு.

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்திருக்கும் நமக்குச் சேமநிதி முன்பண விண்ணப்பங்களைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. காரணம் என்னும் கட்டத்தில் அடிக்கடி காணும் சொற்கள், மகள் திருமணம் என்பவையே. இருபது ஆண்டு உழைப்பில் சேர்ந்தது ஒரே நாளில் பந்தலாகவும் பாத்திரமாகவும் பவுனாகவும் மாறிவிடுகிறது. 1961ஆம் ஆண்டிலேயே வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. விண்ணப்பத்தில் அச்சொல்லை யாரும் எழுதுவதில்லை. வீட்டில் பேசாதவரும் இல்லை.

இவ்வளவு செய்து அனுப்பிய பெண்ணிடம் அடுத்த ஆண்டிலேயே கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. விசேடம் ஏதும் உண்டா என்று நயமாகக் கேட்பார்கள். இரண்டாம் ஆண்டில் நயம் குறையும். நான்காம் ஆண்டில் கேள்வி நின்று போகும். அதன்பின் அவளைக் காணும்போது பேச்சே நின்று போகும். பின்னர் மருத்துவச் செலவுக்கு மற்றொரு கடன். குறை யாரிடத்தில் என்பதைச் சோதித்துச் சொல்ல மருத்துவம் வந்துவிட்ட இக்காலத்திலும், முதலில் மருத்துவமனை வாயிலில் நிறுத்தப்படுபவள் மனைவியே. வாரிசுக் கடனை அவள் பெயரில் எழுதும் வழக்கம் வேங்கடபதி ராயனோடு முடிந்துவிடவில்லை.

சட்டம் தன் பங்கைச் சிறிது சிறிதாகச் செய்து வந்திருக்கிறது. உடன்கட்டையை 1829இல் வங்கத்திலும், 1830இல் சென்னை மாகாணத்திலும் தடை செய்தனர். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் உடைமை அவளுடையதே என்று கூறிற்று. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்குண்டு என்று ஆந்திர மாநிலம் 1986இலும், தமிழ்நாடு 1989இலும் சட்டம் செய்தன. 2005இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. மகளையும் சுவீகாரம் எடுக்கலாம் என்றும், மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தமக்கென ஒரு குழந்தையை ஏற்கலாம் என்றும் 1956ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம் வழி செய்தது. கணவன் உள்ள பெண் அவனது இசைவோடு தன் பெயரிலேயே சுவீகாரம் எடுக்கும் உரிமை 2010இல்தான் வந்தது. பாயம்மாவுக்குத் தேவைப்பட்ட கதவு திறக்க ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆயின.

சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே அழைத்து உட்காரவைப்பது சுற்றத்தாரின் வேலை. பிறந்த மண்ணைவிட்டு வந்த நமக்குச் சுற்றத்தார் யார்? இக்குடியிருப்பின் முப்பது நாற்பது தமிழ்க் குடும்பங்களே. ஊரிலாவது ஒரு பெண் மனம் நொந்தால் தாய்வீடு செல்ல நான்கு தெருவே தூரம். இங்கோ இரண்டு நாள் இரயில் பயணம். அடுத்த வீட்டு மாமியும் எதிர்வீட்டு அக்காவுமே அவளுக்குத் தாய்வீடு.

ஆதலின் ஒரு சிறு வேண்டுகோள். நம் குடியிருப்பில் வளைகாப்பு நடக்கும்போது முதல் வளையல் அணிவிக்க யாரை அழைக்கிறோம், பின்வரிசையில் தாமாகவே ஒதுங்கி அமர்பவர் யாவர் என்பதை நாம் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். சாம்பாருக்குக் காய் நறுக்கவும், விருந்தினர்க்கு இலை போடவும் முன்னே நிற்கும் அந்தச் சகோதரிகள், மங்கலத் தட்டை எடுக்கும் நேரத்தில் எங்கோ மறைந்துவிடுகின்றனர். போ என்று அவர்களை யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை. சந்திரகிரி அரண்மனையிலும் மௌனமே நிலவியது. அடுத்து வரும் வளைகாப்பில் மூத்த பெண்மணிகள் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, முதல் வளையலை அவர்கள் கையால் இடச் செய்வார்களாயின், இச்சங்கம் இவ்வாண்டில் ஆற்றிய பணிகளுள் அதுவே தலையாயதாகும்.

ஆடவருக்கும் ஒரு சொல். மனைவியின் துயரத்தை அறிந்தும் அறியாதார்போல் இருப்பதை நாம் பெருந்தன்மை என்று கருதுகிறோம். தாயார் கேட்கும்போதும் தமக்கை கேட்கும்போதும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்வதே பெருந்தன்மை. வேங்கடபதி ராயன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

திருப்பதி செல்லும் அன்பர்கள் அடுத்த முறை அரைநாள் மிச்சப்படுத்திக்கொண்டு சந்திரகிரிக்கும் சென்று வருக. ராஜமகாலின் மேல்தளத்தில் நின்று பிள்ளைகளுக்கு மன்னரின் வெற்றிகளைக் கூறும்போது, மகனில்லாத காரணத்தால் மானமிழந்த ஓர் அரசியின் கதையையும் கூறுங்கள். நம் பெண்மக்களும் உடன் நின்று கேட்கட்டும்.